வண்டி லங்காஸ்டரில், மாற்று கார் மான்செஸ்டரில்: ஒரு பிரேக்டவுன் கிளெய்ம் முழுதாக

வண்டி நடுவழியில் பழுதானால் உதவும் பிரேக்டவுன் பாலிசியில் மாற்று கார் உண்டு என்று போட்டிருந்தால் வண்டி நின்றதும் வேறு கார் வந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். இங்கிலாந்தில் அது அவ்வளவு நேராக நடப்பதில்லை. கவர் தருவது ஒரு கம்பெனி, கார் தருவது வேறொரு வாடகைக் கார் கம்பெனி, இரண்டுக்கும் தனித்தனி விதிகள். முதல் கம்பெனி "உங்களுக்கு உண்டு" என்று சொன்ன பிறகும் இரண்டாவது கம்பெனி "உங்களுக்குச் சாவி தர முடியாது" என்று சொல்லலாம், அப்படிச் சொன்னால் குழந்தை குட்டியோடு ரோட்டில் நிற்பது நீங்கள்தான். போன ஆகஸ்டு பேங்க் ஹாலிடே (பொது விடுமுறை) சமயத்தில் மில்டன் கீன்ஸில் இருக்கும் என் நண்பர் குடும்பத்துக்கு இதுதான் நடந்தது. அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம், இது ஒரு கம்பெனியோடு நிற்கும் பிரச்சினையும் இல்லை.

நான் சில வருடம் இந்த மாதிரி ஒரு நிறுவனத்தின் கன்ட்ரோல் ரூமில் போன் எடுத்தவன். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்குத் திரையில் என்ன தெரியும், அவர் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதெல்லாம் தெரியும். அதனால்தான் இந்தக் கேஸ் எனக்கு ஆறவில்லை. யாரும் வேண்டுமென்று ஏமாற்றவில்லை, ஆனாலும் காசு கட்டிய குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போகப் பார்த்தது.

முதலில் பாலிசி. பிரேக்டவுன் கவர் இங்கே அடுக்கடுக்காக விற்கப்படுகிறது. அடியில் ரோட்சைடு: மெக்கானிக் வருவார், முடிந்தால் அங்கேயே சரி செய்வார், முடியாவிட்டால் பக்கத்துக் கராஜுக்கு இழுத்துப் போவார். வீட்டிலிருந்து கால் மைலுக்குள் நின்றால் பெரும்பாலும் அதில் சேராது, அதற்கு அட் ஹோம் என்று தனிக் காசு. அப்புறம் ரெக்கவரி, அதாவது வண்டியையும் ஆட்களையும் நாட்டுக்குள் நீங்கள் சொல்லும் ஒரு இடத்துக்குக் கொண்டுபோய் விடுவது. இதற்கெல்லாம் மேலே ஆன்வர்டு டிராவல் என்று ஒன்று. மாற்று கார் இருப்பது இந்த அடுக்கில்தான், அதிலும் வழக்கமாக மூன்றில் ஒன்றுதான் கிடைக்கும்: 72 மணி நேரம் வரை வாடகைக் கார், அல்லது பயணத்தைத் தொடர ரயில் செலவு, அல்லது ஓர் இரவு ஓட்டல். ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டும் போச்சு.

இதையும் கர்ட்டஸி காரையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. கர்ட்டஸி கார் என்பது உங்கள் மோட்டார் இன்சூரன்ஸில் வருவது. விபத்தாகி, அந்தக் கம்பெனி அங்கீகரித்த ஒர்க்‌ஷாப்பில் வண்டி நிற்கும்போது தருவது. வாட்டர் பம்ப் போனதற்கும் கிளட்ச் போனதற்கும் அது வராது. நண்பர் அன்றைக்கு முதலில் போன் செய்ததே மோட்டார் இன்சூரன்ஸ் நம்பருக்குத்தான், அதில் அரை மணி நேரம் போய்விட்டது.

நடந்தது இதுதான். நண்பர், அவர் மனைவி, இரண்டு சிறு பிள்ளைகள், கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த அவர் அம்மா, ஐந்து பேர். வடமேற்கு இங்கிலாந்தில் கெஸ்விக் பக்கம் ஒரு காட்டேஜ் எடுத்து, சனிக்கிழமை காலையில் எம்6 மோட்டார்வேயில் (அதிவேக நெடுஞ்சாலை) வடக்கே கிளம்பினார்கள். ஓட்டியது மனைவி. பிரெஸ்டன் தாண்டியதும் டெம்பரேச்சர் விளக்கு எரிந்தது, அவர் நிதானமாக அடுத்து வந்த லங்காஸ்டர் சர்வீசஸ் என்ற ஓய்விடத்துக்குள் விட்டுவிட்டார். அந்த அறுகோணக் கோபுரம் நிற்கும் இடம், 1965-ல் திறந்தது, இப்போது பாதுகாக்கப்பட்ட கட்டடம், எம்6-ல் போனவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஹார்டு ஷோல்டரில் (மோட்டார்வேயின் ஓர அவசரப் பட்டையில்) நிற்காமல் அங்கே போய் நிறுத்தியது பெரிய விஷயம். மோட்டார்வேயில் நின்றிருந்தால் எல்லோரும் இடதுபக்கக் கதவு வழியாக இறங்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஏறி நிற்க வேண்டும், வயதானவரையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு அது என்ன பாடு என்று போனில் கேட்டுக் கேட்டு எனக்குத் தெரியும்.

பிரேக்டவுன் கம்பெனியின் மெக்கானிக் வர நேரமாயிற்று, விடுமுறைக் கூட்டம். வந்தவர் நல்ல மனிதர். கூலன்ட் டேங்க்கின் மூடியைக் கழற்றி அந்த இடத்தில் கைப் பம்ப் வைத்த ஒரு அளவியை மாட்டி அழுத்தம் ஏற்றினார், முள் நிற்காமல் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. டார்ச் அடித்துக் காட்டினார்: வாட்டர் பம்ப்புக்கு அடியில் இளஞ்சிவப்பாகப் பொருக்குக் கட்டிய கறை, பழைய கசிவு, அன்றைக்கு முற்றிவிட்டது. ரோட்டோரத்தில் மாற்றுகிற சாமான் இல்லை. பேங்க் ஹாலிடே என்பதால் செவ்வாய்க்கிழமை வரை எந்தக் கராஜும் கை வைக்காது. அவர் தன் டேப்லெட்டில் "இடத்திலேயே சரி செய்ய இயலாது, இன்று உள்ளூரிலும் இயலாது" என்று பதிந்தார். இந்தப் பதிவுதான் மாற்று காருக்கான கதவு. இது இல்லாமல் கன்ட்ரோல் ரூமில் ஆன்வர்டு டிராவல் பக்கமே திறக்காது, நீங்கள் எவ்வளவு கெஞ்சினாலும் திறக்காது. மெக்கானிக் கிளம்புவதற்கு முன்னால் என்ன எழுதினார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அதனால்தான் முக்கியம்.

அடுத்து அவர் கேட்ட கேள்வியில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். "வண்டியோடு வீட்டுக்கே கொண்டுபோய் விடட்டுமா, இல்லை இங்கேயே ஒரு கராஜில் விட்டுவிட்டுப் பயணத்தைத் தொடர்கிறீர்களா?" பிள்ளைகள் அழும் நேரத்தில் வீடு என்ற சொல் இனிக்கத்தான் செய்யும். ஆனால் இவர்கள் பாலிசிப்படி வண்டியை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனால் ரெக்கவரியைப் பயன்படுத்தியாயிற்று, மாற்று கார் இல்லை, காட்டேஜுக்குக் கட்டிய காசும் போச்சு. அப்போதுதான் எனக்கு போன் வந்தது. லங்காஸ்டர் கராஜில் விடச் சொல்லுங்கள், குழந்தை சீட் இரண்டையும் லாரியில் ஏற்றும் முன்பே கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். வாடகைக் காரில் சீட் இருக்கும் என்று நம்பக்கூடாது, 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம் வரை சீட் இல்லாமல் ஏற்றுவது சட்டப்படி குற்றம்.

சரி, கன்ட்ரோல் ரூம் கார் தேடியது. நகரத்து வாடகைக் கார் கிளைகள் பல சனிக்கிழமை மதியமே மூடிவிடும், ஞாயிறு திறப்பதே இல்லை. பிரெஸ்டனில் ஒரு கிளையில் ஒரே ஒரு ஹேட்ச்பேக் இருந்தது, மேனுவல். யார் ஓட்டுவார்கள் என்று கேட்டார்கள். இங்கேதான் முடிச்சு விழுந்தது.

நண்பர் கோவையில் பத்து வருடத்துக்கு மேல் எல்லா வண்டியும் ஓட்டியவர். ஆனால் இந்திய லைசென்ஸை வைத்து இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் ஓட்டலாம், அப்புறம் தியரி, பிராக்டிகல் இரண்டும் எழுதி ஓட்டி இங்கத்திய லைசென்ஸ் வாங்க வேண்டும். ஆஸ்திரேலியா, கனடா, ஜப்பான்காரர்களுக்கு மாதிரி நேராக மாற்றிக்கொள்ளும் வசதி இந்தியாவுக்குக் கிடையாது. அவர் டெஸ்ட் பாஸாகி ஒரு வருடம் ஆகவில்லை. வாடகைக் கம்பெனிகள் பலவும் குறைந்தது ஒரு வருடம் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும் என்கின்றன. ஊரில் ஓட்டிய வருடமெல்லாம் அந்தக் கணக்கில் பூஜ்யம். மனைவிக்கோ லைசென்ஸ் வாங்கிப் பல வருடம் ஆகிவிட்டது, ஆனால் அவர் பாஸானது ஆட்டோமேட்டிக்கில். கார்டின் பின்பக்கம் 12-ஆம் பத்தியில் 78 என்று ஒரு எண் இருக்கும், இருந்தால் ஆட்டோமேட்டிக் மட்டுமே. மேனுவல் ஓட்ட முடிந்தவருக்குக் கார் தரமாட்டார்கள், கார் தரக்கூடியவரால் மேனுவல் ஓட்ட முடியாது.

மனைவி எனக்கு போன் செய்தார். "அண்ணா, மேனுவல்தான் இருக்காம். ஆட்டோமேட்டிக் தருவோம்னு நாங்க உறுதி சொல்லலையேங்கறாங்க. ஐந்து பேரும் கராஜ் வாசல்ல நிக்கறோம், என்ன பண்றது?"

பாலிசி புத்தகத்தில் அந்த வரி இருக்கிறது, எனக்கும் மனப்பாடம்: ஆட்டோமேட்டிக் கியர், டோ பார், ரூஃப் ராக் இதற்கெல்லாம் உத்தரவாதம் இல்லை என்று ஒரே மூச்சில் சொல்லும் வரி. டோ பாரையும் ஆட்டோமேட்டிக்கையும் ஒரே பட்டியலில் போட்டதுதான் எனக்குக் கோபம். டோ பார் இல்லாவிட்டால் கேரவனை இழுக்க முடியாது, அவ்வளவுதான். 78 உள்ளவருக்கு ஆட்டோமேட்டிக் இல்லாவிட்டால் காரே இல்லை. ஆட்டோமேட்டிக்கில் டெஸ்ட் எடுப்பவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள், எலக்ட்ரிக் கார்கள் பெருகப் பெருக இன்னும் கூடுவார்கள். அவர்களிடமும் அதே பிரீமியம் வாங்கிக்கொண்டு, விற்கும்போது ஒரு வார்த்தை கேட்காமல் இருப்பது எந்த நியாயத்தில் சேரும்?

மறுபடியும் கூப்பிட்டு, பக்கத்து ஊர்களோடு நிறுத்தாமல் மான்செஸ்டர் விமான நிலையத்தில் பாருங்கள் என்று கேட்கச் சொன்னேன். விமான நிலையக் கிளைகள் இரவு வரை, ஞாயிறும் திறந்திருக்கும், ஆட்டோமேட்டிக்கும் அங்கேதான் இருக்கும். போன் எடுத்தவர் தங்கள் வாடகைப் பங்குதாரரிடம் அங்கேயும் இல்லை என்றார். ஆனால் வேறொரு கம்பெனியில் இருப்பதை மனைவி தன் போனில் பார்த்துக்கொண்டே பேசினார். அப்போது அந்தப் பக்கம் சொன்ன பதில்: நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், ரசீது வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் வரம்புக்குள் இருந்தால் திருப்பித் தருகிறோம். அவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளச் சொன்னேன், கூடவே "எனக்கு வரம்பு எவ்வளவு, எத்தனை மணி நேரம்" என்று கேட்டு அதையும் அவர் வாயாலேயே சொல்ல வைக்கச் சொன்னேன். இரண்டும் நடந்தது.

லங்காஸ்டரிலிருந்து மான்செஸ்டர் விமான நிலையத்துக்கு நேரடி ரயில் உண்டு. மனைவி மட்டும் அதில் போனார், அம்மாவையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு நண்பர் லங்காஸ்டரிலேயே இருந்தார். கவுன்டரில் அடுத்த சோதனை. லைசென்ஸ் விவரத்துக்கு, லைசென்ஸ் தரும் அரசு அமைப்பான டிவிஎல்ஏ தளத்தில் எடுக்கும் ஷேர் கோடு கேட்டார்கள். லைசென்ஸ் எண், நேஷனல் இன்சூரன்ஸ் எண், போஸ்ட்கோடு மூன்றும் இருந்தால் போனிலேயே எடுத்துவிடலாம், 21 நாள் செல்லும். 2015-க்கு முன்னால் இதற்கென ஒரு காகிதம் வைத்திருப்போம், இப்போது அது கிடையாது. டெபாசிட்டுக்கு ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும் என்றார்கள். கணவர் கார்டு ஆகாது. நல்லவேளை அவரிடம் சொந்தக் கார்டு இருந்தது. விபத்தானால் கட்ட வேண்டிய எக்ஸஸ் தொகையைக் காட்டி, அதைக் குறைக்கும் கூடுதல் இன்சூரன்ஸை நாளுக்கு இவ்வளவு என்று விற்றார்கள். களைத்துப்போயிருந்தவர் வாங்கிவிட்டார். ராத்திரி லங்காஸ்டர் வந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கெஸ்விக் போய்ச் சேரும்போது நள்ளிரவு.

கராஜில் பாகம் புதன்கிழமைதான் வந்தது. 72 மணி நேரத்துக்கு மேல் கார் வைத்திருந்ததற்கு அவர்களே காசு கட்டி, அதிலேயே வீடு திரும்பினார்கள். சரி செய்த வண்டியை எடுத்து வர ஒருவருக்கு ஒருவழி ரயில் டிக்கெட் பாலிசியில் இருந்தது, அதைக் கம்பெனி பேசாமல் கொடுத்துவிட்டது. இந்த வசதி இருப்பதே பலருக்குத் தெரியாது, கேட்டால்தான் கிடைக்கும். வாட்டர் பம்ப் செலவு முழுக்க அவர்களுடையது. பிரேக்டவுன் கவர் ரிப்பேர் பில் கட்டாது.

வாடகை ரசீதை அனுப்பினார்கள். சில வாரம் கழித்து நிராகரிப்பு வந்தது. காரணம் இரண்டு. ஒன்று, நாங்கள் ஏற்பாடு செய்யாத வாடகைக் காருக்குப் பணம் தரமாட்டோம் என்ற விதி. இரண்டு, ஆட்டோமேட்டிக்குக்கு உத்தரவாதம் இல்லை என்ற அந்த வரி, அதாவது நாங்கள் மேனுவல் கொடுக்க முன்வந்தோம், நீங்கள்தான் மறுத்தீர்கள்.

முதல் விதி வீண் விதி இல்லை. கம்பெனிகள் வாடகைக்காரர்களோடு மொத்தமாக விலை பேசி வைத்திருக்கும், ஆளாளுக்குப் பெரிய காரை எடுத்துவிட்டு பில் நீட்டினால் பிரீமியம் எங்கேயோ போய்விடும். ஆனால் ஏற்பாடு செய்ய உங்களால் முடியவில்லை, நீங்களே எடுத்துக்கொள்ளச் சொன்னீர்கள், பிறகு நீங்கள் எடுத்தது செல்லாது என்றால் அதற்குப் பெயர் என்ன? இரண்டாவது காரணம் இன்னும் மோசம். சட்டப்படி ஓட்ட முடியாத காரைத் தர முன்வருவது தர முன்வந்தது ஆகாது.

புகார்க் கடிதத்தை நான் எழுதிக் கொடுத்தேன், ஒரு பக்கம்தான். கோபத்தை வெளியே வைத்துவிட்டு, எந்த நேரத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று வரிசையாகப் போட்டோம். கிளெய்மை விரைவாகவும் நியாயமாகவும் கையாள வேண்டும், காரணமில்லாமல் நிராகரிக்கக்கூடாது என்பது நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் எஃப்சிஏ-வின் இன்சூரன்ஸ் விதிப் புத்தகத்தில் இருக்கும் கடமை. 2023 ஜூலை 31 முதல் கன்ஸ்யூமர் டியூட்டி என்று இன்னொன்றும் இருக்கிறது, வாடிக்கையாளருக்குப் புரியும்படி விற்க வேண்டும், வாங்குபவருக்குப் பயன்படும் பொருளாக இருக்க வேண்டும் என்று. 78 பற்றிய பத்தியை அதன் கீழ் வைத்தோம். பாலிசியோடு தரும் சுருக்கத் தாளையும் இணைத்தோம், அதில் "மாற்று கார்" என்று டிக் போட்ட வரி இருக்கிறது, ஆட்டோமேட்டிக் பற்றி ஒரு சொல் கிடையாது.

அதே நாளில் இன்னொரு கடிதம்: என்னைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் தகவல் எல்லாம் வேண்டும், குறிப்பாக அந்தச் சனிக்கிழமையின் போன் பதிவுகள் வேண்டும் என்று. தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு மாதத்துக்குள் இலவசமாகத் தர வேண்டும். இங்கே உள்ள தமிழர்களில் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், இதைவிட வலுவான காகிதம் உங்கள் கையில் கிடையாது. கன்ட்ரோல் ரூமில் ஒவ்வொரு போனும் பதிவாகிறது, ஆனால் கிளெய்ம் பார்ப்பவர் அதைக் கேட்பதில்லை. அவர் முன்னால் இருப்பது போன் எடுத்தவர் அவசரத்தில் தட்டிய இரண்டு வரிக் குறிப்புதான். இவர்கள் கேஸில் அந்தக் குறிப்பு என்ன தெரியுமா? "வாகனம் வழங்கப்பட்டது, வாடிக்கையாளர் மறுத்தார்." அவ்வளவுதான். இதைப் படித்து யாரும் நிராகரிக்கத்தான் செய்வார்கள்.

பதிவு வந்தது. வரம்புக்குள் இருந்தால் திருப்பித் தருகிறோம் என்று போன் எடுத்தவர் சொன்னது, தொகை சொன்னது, 72 மணி நேரம் என்று சொன்னது, எல்லாம் தெளிவாக இருந்தது. எங்கள் கையில் அது வந்த கொஞ்ச நாளில் கம்பெனியின் இறுதிப் பதில் வந்துவிட்டது. அவர்களும் கேட்டிருக்கிறார்கள். நிராகரிப்பை ரத்து செய்து, மூன்று நாள் வாடகையை முழுதாகக் கொடுத்தார்கள், அலைச்சலுக்கு ஒரு சிறு தொகையும் சேர்த்து. பெட்ரோல், எக்ஸஸ் குறைக்கும் கூடுதல் இன்சூரன்ஸ், கூடுதல் நாள் வாடகை இதெல்லாம் இல்லை என்றார்கள். அது சரிதான், பாலிசியில் தெளிவாக இருக்கிறது, அதற்கு நாங்கள் வாதாடவில்லை.

இன்னொன்றையும் கொடுக்க மறுத்திருக்கிறார்கள்: கராஜிலிருந்து ஸ்டேஷனுக்குப் போன டாக்ஸியும் மான்செஸ்டர் ரயிலும். மூன்றில் ஒன்றுதான், காரை எடுத்துக்கொண்டீர்கள், பயணச் செலவு கிடையாது என்பது பதில். இதை நான் ஏற்கவில்லை. மூன்றில் ஒன்று என்பது கெஸ்விக் போய்ச் சேர என்ன வழி என்ற தேர்வு. அந்தப் பெண் ரயில் ஏறியது கெஸ்விக் போக இல்லை, கம்பெனி கொண்டுவந்து தர வேண்டிய காரை எடுத்து வர. சின்னத் தொகைதான், ஆனால் அடுத்தவருக்கும் இதே பதிலைத்தான் சொல்வார்கள். இப்படிப்பட்ட புகார்களை வெளியிலிருந்து விசாரிக்கும் நிதிச் சேவை ஆம்புட்ஸ்மேனிடம் போக இறுதிப் பதில் தேதியிலிருந்து ஆறு மாதம் இருக்கிறது, கட்டணம் எதுவும் இல்லை, வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டால் அந்தத் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். கம்பெனி எட்டு வாரத்தில் பதிலே தராமல் இழுத்தாலும் அங்கே போகலாம். விதி வாசகத்தோடு, அந்தச் சூழலில் எது நியாயம் என்றும் அவர்கள் பார்ப்பார்கள். மனு தயாராகிவிட்டது, போன் பதிவையும் சுருக்கத் தாளையும் லைசென்ஸின் பின்பக்கப் படத்தையும் இணைத்திருக்கிறோம், இந்த வாரம் அனுப்புகிறோம்.